பதினோரு வினாடி நடை

வீடியோ திக்கித் திக்கி ஓடினால் எனக்குப் பிடிக்காது. இது ஒரு வியாதி மாதிரி. கல்யாண மண்டபத்தில் மணமக்களின் படங்களைத் திரையில் ஓட விட்டால் மற்றவர்கள் பெண்ணின் புடவையைப் பார்ப்பார்கள். நான் மேலிருந்து உதிர்கிற ரோஜா இதழ்கள் ஒழுங்காக விழுகின்றனவா, நின்று நின்று விழுகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டேன்.

பிழைப்பும் அதுதான். தம்போய் என்கிற ஊரில் வீட்டிலிருந்தபடியே கல்யாண அழைப்பிதழ், சடங்கு வீடியோ, கடை திறப்பு, நினைவஞ்சலி என்று செய்து கொடுக்கிறேன். இணையத்தில் இருக்கும் ஒரு வடிவமைப்புத் தளம்தான் என் பட்டறை. முன்பெல்லாம் அதிலிருந்து வீடியோவை இறக்கினால் வினாடிக்கு முப்பது படம்தான் வரும். கைப்பேசியில் பார்க்க அது போதும். டேவானில், அதாவது எங்கள் பக்கத்துப் பொது மண்டபத்தில், சுவர் அகலத்துக்குப் போட்டால் நகரும் எழுத்துகளின் ஓரம் அதிரும். எனக்கு மட்டும்தான் தெரியும், ஆனால் எனக்குத் தெரியுமே!

பிறகு ஒரு நாள் இறக்குகிற இடத்தில் வினாடிக்கு எத்தனை படம் வேண்டும் என்று புதிதாக ஒரு பட்டியல் வந்திருந்தது. இருபத்து நான்கு, இருபத்தைந்து, முப்பது, ஐம்பது, அறுபது. அறுபதைத் தொட்டேன். கோப்பு பெரியதானது, இறங்கவும் நேரம் எடுத்தது. ஆனால் ஓட விட்டுப் பார்த்தபோது இதழ்கள் அப்படியே வழுக்கிக்கொண்டு இறங்கின. சந்தோஷம் தாங்காமல் இரண்டையும், பத்து பாகாட் ஊரில் இருந்த அக்காவுக்கு அனுப்பி, வித்தியாசம் சொல்லச் சொன்னேன். குரல் பதிவில் பதில் வந்தது.

"என்னா லா வித்தியாசம்? ரெண்டுலயும் பூதானே விழுது."

அப்படிச் சொன்னவள் ஒன்றும் கண் தெரியாதவள் இல்லை. பத்து பாகாட்டில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இருபது வருஷத்துக்கு மேல் தையல் சரிபார்க்கும் வேலை பார்த்தவள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். ஒரு இடத்தில் தையல் தப்பியிருந்தாலும் சட்டையைத் தூக்கித் தனியே போட்டுவிடுவாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே குணம் என்று அம்மா சொல்வார். அக்கா துணியில் பார்த்தாள், நான் திரையில் பார்க்கிறேன்.

அக்காவின் நடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாஆ என்கிற ஊரில் நாங்கள் தோட்டக் குடியிருப்பில் இருந்தபோது அவளுக்கு ஏழு வயது. அம்மா சைக்கிளின் பின்னால் அவளை உட்கார வைத்துக் கடைக்கு மிதித்துக்கொண்டு போனார். வழியில் அவளுடைய இடது கால் சக்கரக் கம்பிக்குள் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவில்லை. எண்ணெய் போட்டு உருவி, துணியால் கட்டினார்கள். கால் கோணலாகக் கூடிவிட்டது. அன்றிலிருந்து அவள் வலது காலை எடுத்து வைத்த பிறகு ஒரு கணம் நிற்பாள், உடம்பு லேசாக இறங்கும், அப்புறம் இடது கால் வரும். ஒரு சின்ன அடி, ஒரு நீள அடி. செருப்பும் அப்படித்தான் சத்தம் போடும்.

அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அம்மாவால்தான் முடியவில்லை. அக்கா நடந்து போனால் அம்மா வேறு பக்கம் பார்ப்பார். "நாந்தான்... நாந்தான் கெடுத்தேன்" என்று, யாரும் கேட்காதபோதும் சொல்வார். அக்காவின் வீட்டிலேயே பதினைந்து வருஷமாக இருந்தும் அவள் நடப்பதை நேராகப் பார்த்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அத்தான் வேறு மாதிரி. அக்காவைக் கட்டியவர் அந்தத் தொழிற்சாலையின் பஸ் ஓட்டுநர். வேலை முடிந்து பெண்கள் எல்லாம் ஒரே நீல உடுப்பில், தலையை மூடிய துணியோடு, முகக்கவசமும் போட்டுக்கொண்டு வெளியே வருவார்களாம். யார் யாரென்றே தெரியாது. "அத்தன பேர்ல அவ மட்டும் எனக்குத் தெரிஞ்சா. நடையிலயே தெரிஞ்சா" என்று சொல்வார். கல்யாணத்துக்கு வந்தவர்களிடம் வெட்கமில்லாமல் சொன்னார், மகள் காலேஜ் போன பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா, "போதும் லா, ஆரம்பிச்சிட்டீங்களா" என்று கையில் இருக்கும் துணியால் அவரை அடிப்பாள்.

என் தொழிலில் எனக்கு ஒரு சட்டம் உண்டு. அது வந்த கதை இதுதான். ஒரு கல்யாணத்துக்கு அழைப்பிதழ் செய்து கொடுத்தேன். பிறகு முகூர்த்த நேரத்தை முன்னால் நகர்த்தினார்கள், திருத்தி அனுப்பினேன். ஆனால் பழையதும் வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றிக்கொண்டே இருந்தது. சிகாமட்டிலிருந்து வந்த மாப்பிள்ளையின் சித்தப்பா குடும்பம் மண்டபத்துக்குள் நுழைந்தபோது தாலி கட்டி முடித்து எல்லாரும் பாயசத்தில் இருந்தார்கள். வாங்கிக் கட்டிக்கொண்டது நான். அதிலிருந்து எந்த வேலையை முடித்து அனுப்பினாலும் கீழே ஒரு வரி போடுவேன்: 'இது பைனல். பழசை எல்லாரும் டிலீட் பண்ணிருங்க.' நானும் என் கணினியில் பழையதை வைத்துக்கொள்ள மாட்டேன். குப்பைக்கூடை வரைக்கும் காலி செய்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

அக்கா ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் குளியலறையில் விழுந்தாள். மூளையில் இரத்தக் கசிவு. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள், கண் திறக்கவில்லை. நாலாவது நாள் போய்விட்டாள். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி என்னால் எழுத முடியாது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு டேவானில் சாப்பாடு போட ஏற்பாடு செய்தார்கள். அக்காவைப் பற்றி ஒரு வீடியோ ஓட விட வேண்டும் என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இவ்வளவு வருஷம் ஊரார் வீட்டுச் சாவுக்கெல்லாம் செய்து கொடுத்தவள், சொந்த அக்காவுக்கு முடியாது என்று சொல்லவா முடியும்?

படங்கள் நிறைய இருந்தன. அசையும் அக்கா ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தாள். அவளுக்குக் கேமரா என்றாலே ஆகாது, முகத்தைக் கையால் மூடிக்கொள்வாள். போன தீபாவளிக் காலையில் அவள் மகள் வாட்ஸ்அப்பிலேயே எடுத்துக் குடும்பக் குழுவில் போட்ட பதினோரு வினாடி. பக்கத்து வீட்டு மக்சிக்கு, அதாவது மலாய்க்கார அம்மாவுக்கு, பலகாரம் கொடுத்துவிட்டு, காலித் தட்டோடு அக்கா கேட்டிலிருந்து வீட்டு வாசலுக்கு நடந்து வருகிறாள். கடைசியில் மகளைப் பார்த்துவிட்டு, "ஏய், எடுக்காத லா! இன்னும் பவுடர்கூட போடல" என்று தட்டை முகத்துக்கு நேரே தூக்குகிறாள். அவ்வளவுதான்.

அந்த வீடியோ திக்கித் திக்கி ஓடியது. பழைய கைப்பேசி, வாட்ஸ்அப் வேறு அமுக்கி நசுக்கியிருந்தது. என் தளத்தில் அறுபது போட்டு இறக்கினால் பூவும் எழுத்தும் வழுக்கும், ஆனால் உள்ளே போடுகிற பழைய வீடியோ எப்படி இருந்ததோ அப்படித்தான் இருக்கும். இல்லாத படங்களை அது உண்டாக்காது. பூக்கள் பட்டுப் போல இறங்க, நடுவில் என் அக்கா மட்டும் தடுக்கித் தடுக்கி வருவாளா? எனக்குப் பொறுக்கவில்லை. வேறொரு செயலி இருக்கிறது, இரண்டு படங்களுக்கு நடுவில் இருந்திருக்க வேண்டிய படத்தைத் தானே கற்பனை செய்து நிரப்பும். ஆனால் அதற்குக் கொடுப்பதற்கு முன்னால் சிக்கி நிற்கிற இடங்களைக் கையால் வெட்டி எடுக்க வேண்டும்.

காலைச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு பிரேமாக நகர்த்தினேன். எங்கெல்லாம் படம் நின்றதோ அங்கெல்லாம் வெட்டினேன். உருவம் திடீரென்று கீழே இறங்குகிற இடங்களை நிலைப்படுத்தினேன். சத்தம் கரகரவென்று இருந்தது, அதை எடுத்துவிட்டுப் புல்லாங்குழல் போட்டேன். அழவில்லை. அழுதால் திரை தெரியாது என்று அடக்கிக்கொண்டேன். அப்படி அடக்கிக்கொள்ள முடிந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வெட்டியதை அந்தச் செயலிக்குக் கொடுத்து இடைவெளிகளை நிரப்ப வைத்தேன், குறைந்த நேரத்தை வேகத்தைக் குறைத்து ஈடு கட்டினேன். மறுபடியும் சரியாகப் பதினோரு வினாடி. தளத்தில் ஏற்றி, சுற்றி ஓரச்சட்டம் போட்டு, பூப் போட்டு, அறுபதில் இறக்கினேன். கோப்பு இறங்குகிற பச்சைக் கோடு முழுசாக ஓடி முடிந்தது. அக்கா தண்ணீரில் மிதந்து வருவது போல வந்தாள்.

அடுத்த பத்து நிமிஷத்தில் குடும்பக் குழுவில் போட்டேன். கை தானாகவே கீழே அடித்தது: 'இது பைனல். பழசை எல்லாரும் டிலீட் பண்ணிருங்க.' பழக்கதோஷம். ஒவ்வொருவராகக் கட்டைவிரலைப் போட்டார்கள். என் கணினியில் குப்பைக்கூடையைக் காலி செய்துவிட்டுச் சோறு வடிக்கப் போனேன்.

பதினாறாம் நாள் டேவானில் விளக்கை அணைத்து வீடியோவை ஓட விட்டார்கள். பள்ளிக்கூடப் படம், கல்யாணப் படம், மகளைத் தூக்கி வைத்திருக்கிற படம். கடைசியில் அந்த நடை. சுவர் முழுக்க அக்கா. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும்தான் கேட்டது. அப்போது முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார்.

"பாருங்க... எம்புள்ள நடக்குறத பாருங்க! கால் சரியாயிருச்சு. சாமி சரி பண்ணிட்டாரு."

நான் அப்போதுதான் பார்த்தேன். வேலையாகப் பார்க்காமல் முதல் தடவையாக என் அக்காவைப் பார்த்தேன். அந்தப் பெண் இரண்டு காலையும் ஒரே மாதிரி வைத்து வந்தாள். உடம்பு இறங்கவே இல்லை. சிக்கல் என்று நான் வெட்டியதில் பாதி கைப்பேசியின் சிக்கல் இல்லை. அது அவள் நின்ற நிற்பு. நாற்பது வருஷம் கூடவே நடந்தவளுக்கு அது தெரியவில்லை. தையல் தப்பிய சட்டையைத் தூக்கிப் போடுவது போல அவள் நடையை நான் தூக்கிப் போட்டிருக்கிறேன். அத்தான் எழுந்து, யாரையும் பார்க்காமல், செருப்பு கிடந்த பக்கம் வெளியே போனார்.

அன்றைக்கே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். யாராவது அழிக்காமல் வைத்திருந்தால் அனுப்புங்கள் என்று ஒரு வரி போட்டிருந்தால் போதும். அழித்தது கைப்பேசியில் ஒரு மாதம்வரை கிடக்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்பவள் நான். ஆனால் அம்மா தினமும் அந்த வீடியோவைப் போடச் சொல்லிப் பார்க்க ஆரம்பித்திருந்தார். அவர் தன் மகளின் நடையைத் தலை திருப்பாமல் பார்த்தது அப்போதுதான். அந்தக் குழுவில் பழையதைக் கேட்டால், புதியது பொய் என்று சொன்னதாகாதா? அம்மாவிடமிருந்து அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. என் தப்பை ஒத்துக்கொள்ளவும் தைரியம் வரவில்லை. இரண்டில் எது பெரிய காரணம் என்று நேர்மையாகச் சொல்வதானால், இரண்டாவதுதான். யாரிடமாவது இருக்கும், பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று நாளைக் கடத்தினேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பத்து பாகாட்டுக்குப் போயிருந்தேன். அக்காவின் மகளும் காலேஜிலிருந்து வந்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு அம்மா வழக்கம் போல டிவியில் வீடியோவைப் போடச் சொன்னார். பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், படுக்கப் போனார். அறைக் கதவு சாத்தும்வரை அத்தான் காத்திருந்தார்.

"மா, அந்தப் பழசு ஒங்கிட்ட இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். "இது நல்லாத்தான் இருக்கு. தப்பா எடுத்துக்காத. எனக்கு அந்தப் பழசு வேணும்."

"எங்கிட்ட இல்ல அத்தான்" என்றேன்.

"என்கிட்டயும் இல்ல. நீ அழிக்கச் சொன்ன, அழிச்சிட்டேன். நான் போட்டுப் பார்க்கலாம்னா..."

மகள் அவளுடைய கைப்பேசியை எடுத்தாள். எடுத்தவளிடமே இல்லை. என் பேச்சைக் கேட்டு அழித்திருந்தாள், பிறகு கைப்பேசியையும் மாற்றிவிட்டாள். பெரியப்பா வீட்டுக்குப் போன் அடித்தோம், சித்தி மகனுக்கு அடித்தோம். எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். நீங்கதானே அழிக்கச் சொன்னீங்க. எங்கள் குடும்பத்தில் யாரும் யார் பேச்சையும் கேட்டதில்லை, கல்யாணத் தேதிக்குக்கூட ஒத்துப்போக மாட்டார்கள். அன்றைக்கு என் பேச்சை மட்டும் ஒருவர் விடாமல் கேட்டிருந்தார்கள்.

அத்தான் குழுவில் தீபாவளி நாள்வரை பின்னால் தள்ளிக்கொண்டே போனார். அந்தச் செய்தி இருந்தது. மங்கலாக ஒரு சின்னக் கட்டம், அதில் பச்சையாக ஒரு புடவை நிறம். தொட்டால், கோப்பு இல்லை, அனுப்பியவரிடம் மறுபடி கேளுங்கள் என்று வந்தது. அவர் மூன்று தடவை தொட்டார். அனுப்பிய மகள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான் அத்தான்," என்றேன். "சிக்குதுன்னு நெனச்சு நான்தான் வெட்டினேன். அக்கா நடைன்னு எனக்குத் தெரியல. அன்னைக்கே தெரிஞ்சும் சொல்லல." மூன்று மாதமாக அடக்கி வைத்தது எல்லாம் சேர்ந்து வந்தது. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் திட்டவில்லை. "பரவால்ல மா," என்றார். "குரல் இருக்கு, எத்தனையோ வாய்ஸ் இருக்கு. நடைதான் இல்ல." பிறகு மகளைப் பார்த்து, "ஒங்கம்மா எப்படி நடப்பான்னு ஒனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். அவள் இருக்கு என்று தலையாட்டினாள், பிறகு, "சத்தம் ஞாபகம் இருக்குப்பா" என்றாள்.

அத்தான் எழுந்தார். மேசையில் இருந்த காலித் தட்டை எடுத்துக்கொண்டார். செருப்பைப் போட்டுக்கொண்டு கேட்வரைக்கும் போய், திரும்பி நின்றார். அங்கிருந்து நடந்து வர ஆரம்பித்தார்.

வலது காலை வைத்தார். நின்றார். உடம்பு இறங்கியது. இடது கால் வந்தது. ஒரு சின்ன அடி, ஒரு நீள அடி. அறுபது வயதை நெருங்குகிற, தொந்தி போட்ட, முரட்டு மீசை வைத்த மனிதர். சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. தட்டைப் பிடித்த விதம்கூட அவள்தான். அப்படியே, கொஞ்சமும் பிசகாமல், என் அக்கா கேட்டிலிருந்து வந்துகொண்டிருந்தாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். என் கையில் கைப்பேசி இருந்தது, அதைத் தூக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

பாதி தூரம் வந்திருப்பார். அம்மாவின் அறை ஜன்னல் வாசலைப் பார்த்து இருக்கிறது. அம்மா தூங்கவில்லை.

"மாப்பிள்ள! கால்ல என்னாச்சு?"

அத்தான் நின்றார். "ஒன்னும் இல்ல அத்தை. செருப்பு வார் அந்துபோச்சு."

"பாத்து நடங்க. இப்பத்தான் அவளுக்குக் கால் சரியாயிருக்கு. நீங்க கெடுத்துக்காதீங்க."

அவர் தட்டோடு அந்த வெயிலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "சரி அத்தை" என்று சொல்லிவிட்டு, மீதித் தூரத்தை நேராக நடந்து வந்தார்.